கணினித் திரையில் வட்ஸ்அப்: புத்தளக் கரையோரம் அறிந்திருக்க வேண்டியவை

புத்தளம் நகரின் பள்ளிவாசல் காரியாலயமாயினும் சரி, கற்பிட்டியின் மரக்கறி மொத்த வியாபாரியின் கடையாயினும் சரி, உடப்பில் கருவாடும் இறாலும் கொழும்புக்கு அனுப்பும் களஞ்சியமாயினும் சரி, மேசை மீது ஒரு கணினி இருக்குமானால் அதன் திரையில் வட்ஸ்அப் திறந்திருப்பதை இன்று சாதாரணமாகக் காண முடிகின்றது. விலைப்பட்டியல் அனுப்புவதும் ஜனாஸா அறிவித்தல் விடுப்பதும் கூட்ட அறிக்கைகளைப் பகிர்வதும் கையடக்கத் தொலைபேசியின் சிறு திரையிலிருந்து கணினியின் பெரிய திரைக்கு மாறியுள்ளன. விசைப்பலகையில் பத்து விரல்களாலும் தட்டச்சுச் செய்யப் பழகியவருக்கு இது பெரும் வசதி என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் இவ்வசதியைப் பெற்றவர்களுள் பெரும்பாலானோர் அதனைத் தாமாக அமைத்துக்கொண்டவர்கள் அல்லர். கடையில் வேலை செய்யும் இளைஞரோ பாடசாலை செல்லும் மகனோ தொலைபேசியை வாங்கி, கணினித் திரையிலிருந்த கறுப்பு வெள்ளைச் சதுரத்துக்கு முன்னால் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார். அந்த ஒரு கணத்தில் என்ன நடந்தது என்று விளக்குவார் இல்லை. எமக்கு அறிமுகமான பள்ளிவாசல் நிருவாகச் செயலாளர் ஒருவர் வெளியூரில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தின் கணினியில் தமது வட்ஸ்அப்பைத் திறந்து ஆவணம் ஒன்றை அச்சிட்டுவிட்டு, உலாவியின் சாளரத்தை மூடினால் போதும் என்று எண்ணி வந்துவிட்டார். மூன்றாம் நாள் அவருடைய பெயரில் ஜமாஅத்தார் பலருக்கும் அவசரக் கடன் கேட்டுச் செய்தி சென்றது. ஸகாத் நிதிக்கு விண்ணப்பித்த ஏழைக் குடும்பங்களின் விபரங்களும் அந்தக் கணக்கினுள்ளேயே இருந்தன. பணம் இழந்தவர்கள் இருவர் மட்டுமே. ஆனால் அக்குடும்பங்களின் வறுமை யார் யார் கண்ணில் பட்டதென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஆகவே இவ்வசதி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று விரிவாகவே நோக்குவது பயன் தரும்.

ஜேன் கூம், பிரையன் அக்டன் ஆகிய இருவரால் 2009 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2014 ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனத்தால் வாங்கப்பட்ட வட்ஸ்அப், ஆரம்பத்தில் தொலைபேசிக்கென்றே உருவாக்கப்பட்டதாகும். கணினியின் உலாவி வழியாக அதனைப் பயன்படுத்தும் வசதி 2015 ஜனவரியில் அறிமுகமானது. முதலில் கூகுள் குரோம் உலாவியில் மட்டுமே இயங்கிய அது, ஐபோன் பாவனையாளருக்குச் சில மாதங்கள் பிந்தியே கிடைத்தது. 2016 மே மாதத்தில் கணினியில் நிறுவிக்கொள்ளும் தனிச் செயலியும் வந்தது. அன்றைய முறையில் கணினித் திரை ஒரு கண்ணாடி போன்றது. தொலைபேசியில் உள்ளதையே அது காட்டியது. தொலைபேசியின் மின்கலம் தீர்ந்தாலோ இணைய இணைப்பு அறுந்தாலோ கணினியிலும் செய்தி நின்றுவிடும். பழைய பாவனையாளர் பலரும் இன்றும் அவ்வாறே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். “தொலைபேசி என் சட்டைப்பையில்தானே இருக்கிறது, கணினியில் என்ன ஆகிவிடப் போகிறது” என்ற அசட்டைக்கு இதுவே காரணம் எனலாம்.

அந்நிலை மாறிவிட்டது. 2021 ஜூலையில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின்னர் அனைவருக்கும் வழங்கப்பட்ட புதிய முறையின்படி, ஒரு கணக்குடன் நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். அவை ஒவ்வொன்றும் தொலைபேசியின் துணையின்றித் தாமாகவே செய்தியைப் பெறவும் அனுப்பவும் வல்லவை. வட்ஸ்அப் செய்திகள் அனைத்தும் அனுப்புபவரின் சாதனத்தில் பூட்டப்பட்டுப் பெறுபவரின் சாதனத்திலேயே திறக்கப்படும் முறை 2016 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்ததை வாசகர்கள் அறிவர். சாதனங்கள் பலவான பின்னர் அப்பூட்டும் பலவாயிற்று. குவைத்திலிருந்து மகன் தன் தந்தைக்கு ஒரு வரி எழுதுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். தந்தையின் தொலைபேசிக்கு ஒன்று, கடைக் கணினிக்கு ஒன்று, வீட்டுக் கணினிக்கு ஒன்று என அதே வரி தனித்தனி உறைகளில் இடப்பட்டு, தனித்தனிப் பூட்டுகளுடன் புறப்படுகின்றது. இடையில் நிற்பவர் எவரும் உறையைப் பிரிக்க முடியாது. ஆனால் கடைக் கணினிக்குச் செல்லும் உறை கடைக் கணினியிலேயே பிரிக்கப்படுகின்றது. அங்கே யார் அமர்ந்திருக்கின்றார் என்பதை எந்தப் பூட்டும் கேட்பதில்லை. அது மட்டுமன்று. புதிய சாதனமொன்றை இணைக்கும்போது அண்மைக்கால உரையாடல்களின் பிரதியொன்றையும் தொலைபேசி அதற்கு அனுப்பி வைக்கின்றது. இணைத்த பின்னர் வரும் செய்திகள் மட்டுமே தெரியும் என்று நினைப்பது தவறு.

தொலைபேசியைப் பதினான்கு நாட்களுக்கு மேல் பாவிக்காதிருந்தால் இணைக்கப்பட்ட சாதனங்கள் தாமாகவே துண்டிக்கப்படும். இந்த ஏற்பாட்டினால் எமது கரையோர மக்களுக்கு எதிர்பாராத நன்மையும் உண்டு. கண்டக்குளியிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ கடலுக்குச் செல்பவரின் தொலைபேசி தண்ணீரில் விழுவது புதுமையன்று. கரையில் வீட்டுக் கணினியில் கணக்கு இணைக்கப்பட்டிருந்தால், புதிய தொலைபேசியும் அதே இலக்கத்துக்கான சிம் அட்டையும் கிடைக்கும் வரை அதன் மூலம் உறவினருடனும் வாடிக்கையாளருடனும் தொடர்பைப் பேண இயலும். ஆனால் சேவையே நின்றுபோனால் கணினியும் கைகொடுக்காது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி உலகெங்கும் சுமார் ஆறு மணித்தியாலங்கள் வட்ஸ்அப் செயலிழந்தபோதும், 2018 மார்ச், 2019 ஏப்ரல், மே, 2022 ஏப்ரல் ஆகிய மாதங்களில் இலங்கை அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடை செய்தபோதும் இதனைக் கண்டோம்.

இம்மாவட்டத்தில் இச்செயலி வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முந்தலிலும் குடியமர்ந்தனர். மூன்று தசாப்தங்களின் பின்னர், ஒரே குடும்பத்தில் மூத்தவர் மன்னாரில் காணியைப் பராமரிக்க, இளையவர் பாலாவியில் பிள்ளைகளைப் படிக்க வைக்க, இன்னொருவர் கட்டாரில் தொழில் புரிகின்றார். திருமணப் பேச்சு முதல் வாக்காளர் இடாப்புப் பதிவு வரை அக்குடும்பத்தின் கூட்டம் நடைபெறும் முற்றம் வட்ஸ்அப் குழுவேயாகும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் போன்ற நாடுகளில் இதன் வழியான குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு உள்ளதால், எழுத்தும் குரற் பதிவுமே அங்குள்ள பிள்ளைகளை உம்மாவுடன் இணைத்து வைக்கின்றன. முற்றத்தின் கதவு திறந்து கிடக்கலாகாது என்று நாம் வலியுறுத்துவதும் அதனாற்றான்.

கணினியில் தமிழில் எழுதுவதிலுள்ள சிக்கலுக்கு வருவோம். இது எமது ஆசிரிய பீடத்துக்கும் நாளாந்தத் தொல்லையாகும். இலங்கையில் அச்சகங்களும் அரச அலுவலகங்களும் பள்ளிவாசல்களும் பல்லாண்டுகளாகப் பாமினி எழுத்துருவிலேயே ஆவணங்களைத் தயாரித்து வந்துள்ளன. பாமினியில் திரையில் தெரிவது தமிழாயினும் கணினியின் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. அந்த எழுத்துருவின் உடையை அணிந்திருக்கும் வரை அவை தமிழாகக் காட்சியளிக்கும். அப்பந்தியைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டியதும் உடை கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளிக்கும். கணினி பழுதென்றோ வைரஸ் தாக்கியதென்றோ கருதிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றவர்களையும் நாம் அறிவோம். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்களை ஒதுக்கியுள்ள யுனிகோட் முறையில் எழுதினால் மட்டுமே அது எல்லாச் சாதனங்களிலும் தமிழாகத் தெரியும். பாமினியில் உள்ளதை யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவசியம். பாமினியில் பழகிய விரல்களை மாற்றிக்கொள்ள விரும்பாதோர், அதனை ஒத்த தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே யுனிகோட்டில் எழுதும் விசைப்பலகை மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். ஆங்கில ஒலிப்பு முறையில் எழுதுவோருக்கும் அதற்கான வழியுண்டு. யுனிகோட் பரவி இத்தனை ஆண்டுகள் கடந்தும் அறிக்கைகளைப் பாமினியில் அனுப்பும் நிறுவனங்கள் உள்ளன என்பதை வருத்தத்துடனேயே பதிவு செய்கின்றோம்.

ஸலாத்தை அரபு எழுத்தில் தொடங்கி அதே வரியில் தமிழைத் தொடர்வோருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அரபு வலமிருந்து இடமாகச் செல்வதால் முற்றுப்புள்ளியும் இலக்கங்களும் இடம் மாறித் தோன்றும். அரபு வாசகத்தைத் தனி வரியில் இட்டுத் தமிழை அடுத்த வரியில் தொடங்கினால் குழப்பம் தீரும். ஆனால் கணினியில் ‘என்டர்’ விசையை அழுத்தியதும் அடுத்த வரி வராது, செய்தியே சென்றுவிடும். ‘ஷிப்ட்’ விசையைப் பிடித்துக்கொண்டு ‘என்டர்’ அழுத்தினால்தான் புதிய வரி கிடைக்கும். இதனை அறியாமையால் அரைகுறையான ஜனாஸா அறிவித்தல்கள் எத்தனையோ குழுக்களில் வந்து விழுந்துள்ளன. “இன்று அஸர் தொழுகைக்குப் பின்னர்” என்று வந்து, மையவாடியின் பெயர் வருமுன் செய்தி நின்றுவிட்டால் கேட்பவர் எங்கே செல்வார்? 2023 மே முதல், அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடங்களுக்குள் திருத்தும் வசதி உள்ளது. அக்கால எல்லை கடந்தால் சுமார் இரண்டரை நாட்களுக்குள் எல்லோருக்குமாக அழித்துவிட்டுப் புதிதாக அனுப்பலாம். எனினும் அதற்குள் வேறொருவர் பிரதி செய்து பிற குழுக்களுக்கு அனுப்பியதை எவராலும் அழிக்க முடியாது.

ஆவணங்களை அனுப்புவதில் கணினியே சிறந்தது. கோப்பைச் சுட்டியால் இழுத்து உரையாடலின் மீது விட்டால் போதுமானது. 2022 முதல் இரண்டு ஜிகாபைட் வரையிலான கோப்புகளை அனுப்ப முடிகின்றது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதன் அளவைக் குறைத்துவிடுவதால் முத்திரையும் இலக்கங்களும் மங்கும். ‘ஆவணம்’ என்ற தெரிவின் மூலம் அனுப்பினால் மூலப்பிரதியின் தெளிவு மாறாது. ஆனால் கணினியில் பதிவிறக்கிய அடையாள அட்டைப் பிரதியும் கடவுச்சீட்டுப் பிரதியும் வட்ஸ்அப்பை வெளியேற்றிய பின்னரும் பதிவிறக்கக் கோப்புறையில் அப்படியே கிடக்கும். தொழில் முகவர் நிலையங்களிலும் தொலைத்தொடர்பு நிலையங்களிலும் இவ்வாறு கைவிடப்பட்ட பிறருடைய ஆவணங்களைக் காண நேர்கின்றது. அச்சிட்டு முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கிவிட்டே எழ வேண்டும்.

இனி ஏமாற்றுக்காரரின் வழிகளைப் பார்ப்போம். முதலாவது வழி மேலே கூறியவாறு மறந்துவிடப்பட்ட திரை. உலாவியை மூடுவது வெளியேறுவது ஆகாது. மீண்டும் திறந்தால் கணக்கும் திறந்துகொள்ளும். இதற்கு மருந்து தொலைபேசியிலேயே உள்ளது. வட்ஸ்அப்பின் அமைப்புகளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதிக்குச் சென்றால், எந்தெந்தச் சாதனங்கள் இணைந்துள்ளன, அவை கடைசியாக எப்போது இயங்கின என்ற பட்டியல் தோன்றும். அறியாத பெயர் எதுவாயினும் அதனைத் தொட்டு அங்கிருந்தே வெளியேற்றலாம். கொழும்பில் திறந்ததைக் கற்பிட்டியிலிருந்து மூடலாம். மேற்கூறிய செயலாளருக்கு இந்த ஒரு விடயம் மூன்று நாட்களுக்கு முன்னர் தெரிந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

இரண்டாவது, போலித் தளம். தேடுபொறியில் வட்ஸ்அப் என்று தேடி முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்குவோர் உண்மையான தளத்தை ஒத்த போலிப் பக்கத்துக்குச் செல்லக்கூடும். அங்கே காட்டப்படும் கியூ.ஆர். குறியீட்டைத் தொலைபேசியால் பதிந்தால் இணைக்கப்படுவது உங்கள் கணினி அன்று, மோசடிக்காரரின் கணினியாகும். ‘வெப்’, ‘வட்ஸ்அப்’, ‘கொம்’ ஆகிய மூன்று சொற்களும் புள்ளிகளால் இணைந்த முகவரியை உலாவியில் நேரடியாகத் தட்டச்சுச் செய்வதே பாதுகாப்பானது. மூன்றாவது வழி அண்மைக்காலத்தில் பெருகியுள்ளது. குறியீட்டைப் பதியாமலே தொலைபேசி இலக்கத்தையும் எட்டு எழுத்துகள் கொண்ட குறியொன்றையும் கொண்டு சாதனத்தை இணைக்கும் முறை 2023 இல் வந்தது. பரிசு, நிவாரணம், புலமைப்பரிசில், ஹஜ் கோட்டா என ஏதோவொரு பெயரில் உங்களை அணுகி, “இந்த எட்டு எழுத்துகளை உங்கள் வட்ஸ்அப்பில் இடுங்கள்” என்று கேட்பவர் தமது கணினியை உங்கள் கணக்குடன் இணைக்கின்றார் என்பதே பொருள். ஆறு இலக்க இரகசிய எண் வைத்திருக்கின்றோம் என்ற நம்பிக்கை இங்கு உதவாது. அவ்வெண் புதிய தொலைபேசியில் கணக்கைப் பதிவு செய்யும்போதே கேட்கப்படும். சாதனத்தை இணைக்கும்போது கேட்கப்படுவதில்லை. பழுதுபார்க்கக் கொடுக்கும் தொலைபேசியைத் திறந்த நிலையில் ஒப்படைப்பதும் இதே ஆபத்தை உடையது. திரும்பப் பெற்றதும் முதல் வேலையாக அப்பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

கடைக் கணினி பலர் புழங்கும் இடத்தில் இருக்குமாயின், கணினி வட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்புகளில் திரைப் பூட்டு என்ற தெரிவு உண்டு. லுஹர் தொழுகைக்கு எழுந்து செல்லும் இருபது நிமிடங்களில் வாடிக்கையாளர் ஒருவர் உங்கள் குடும்ப உரையாடலை வாசித்துவிடாமலிருக்க அது போதும்.

பணமும் அந்தரங்கமும் மட்டுமே இதில் ஆபத்துக்குள்ளாவன என்றால் இக்கட்டுரையை இத்துடன் நிறுத்தியிருப்போம். சிலாபத்தில் 2019 மே 12 ஆம் திகதி நடந்ததை இம்மாவட்டத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்களே ஆகியிருந்த வேளை. முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் இட்ட ஒரு வரி, அதிகம் சிரித்தால் ஒருநாள் அழ நேரிடும் என்ற கருத்துடையது, வரப்போகும் தாக்குதலுக்கான எச்சரிக்கையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. அது முகநூலிலிருந்து படமாகி, கைக்குக் கை மாறிற்று. பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் கலவரம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களுக்கும் பரவியது. எமது மாவட்டத்தின் கொட்டராமுல்லையில் தச்சுத் தொழிலாளியான குடும்பத் தலைவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழியில், அச்சத்தின் வழியாக வாசித்ததன் விலை அது.

தவறான செய்திகள் பரவுவதைத் தடுக்க வட்ஸ்அப் நிறுவனம் 2019 ஜனவரியில் ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே முன்னனுப்பலாம் என்ற வரம்பை உலகளாவிய ரீதியில் கொண்டு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அவ்வாறான செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி தோன்றும். கணினியிலும் இவ்வரம்பு உண்டு. ஆனால் விசைப்பலகையில் இரண்டு விசைகளால் பிரதி செய்து, இரண்டு விசைகளால் ஒட்டினால் அம்புக்குறி மறைந்துவிடும். பத்துக் குழுக்களுக்கு ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். எங்கிருந்தோ வந்த வதந்தி, பள்ளிவாசல் செயலாளரோ ஆசிரியரோ தம் கண்ணால் கண்டு எழுதிய செய்தி போன்ற தோற்றத்தைப் பெற்றுவிடுகின்றது. தொலைபேசியிலும் இது இயலுமாயினும், பல குழுக்களை நிருவகிப்பவர்கள் கணினி முன் அமர்ந்திருப்பவர்களே என்பதால் அவர்களுடைய விரல்களுக்கே பாரம் அதிகம்.

அதே கணினி, அதே நிமிடத்தில், செய்தியைச் சரிபார்க்கவும் வல்லது. தொலைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கித் திகதியைத் தேடுவது சிரமம். பெரிய திரையில் கடிதத் தலைப்பும் முத்திரையும் திகதியும் தெளிவாகத் தெரியும். பக்கத்திலேயே இன்னொரு சாளரத்தைத் திறந்து அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் வர்த்தமானியைப் பார்க்கலாம். படத்தைத் தேடுபொறியில் ஏற்றி, அது எந்த ஆண்டில் எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்று ஆராயலாம். பிறை பார்க்கும் இரவில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பு வருமுன்னரே சென்ற ஆண்டின் கடிதம் திகதி வெட்டப்பட்டு வலம் வருவதைப் பலரும் கண்டிருப்பர். இத்தகைய கடிதத்தைப் படமாகப் பார்த்து நம்பாமல், வெளியிட்ட நிறுவனத்தின் தளத்தில் அதே கடிதம் உள்ளதா என்று பார்க்க இரண்டு நிமிடம் செல்லும். குழுவில் அதுவரை “விசாரித்துச் சொல்கின்றோம்” என்று எழுதுவதில் அவமானம் எதுவுமில்லை.

சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகக் கூறுவோம். பிறருடைய கணினியிலோ கணக்கிலோ அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைக் குற்றமாக்கும் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தை நசுக்கும் என்ற கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. முகநூல் பதிவொன்றுக்காக 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு ஐந்து மாதங்கள் தடுத்து வைக்கப்பட்ட ஓய்வுபெற்ற முஸ்லிம் அரச உத்தியோகத்தர் ஒருவரின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆனால் மூன்றரை ஆண்டுகளின் பின்னரே கிடைத்தது. உங்கள் கணக்கிலிருந்து வேறொருவர் எழுதிய வரிக்கு நீங்கள் பொலிஸாரிடம் விளக்கமளிக்க நேருமாயின், எப்போது எந்தச் சாதனத்தை வெளியேற்றினீர்கள் என்ற குறிப்பும் திரையின் படப்பிரதியும் உங்கள் கையில் இருப்பது நல்லது. கணக்கு பறிபோனதை உணர்ந்த உடனேயே சாதனங்களை வெளியேற்றி, குழுக்களில் அறிவித்து, 101 என்ற இலக்கத்தில் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவிடமும் அண்மித்த பொலிஸ் நிலையத்திலும் முறையிடலாம்.

பழைய கணினியை விற்பவர்களும் அலுவலகத்தை விட்டு விலகும் பணியாளர்களும் பொதுவாக விசைகளையும் புத்தகங்களையும் ஒப்படைக்கின்றனர். அன்றைய தினம் தொலைபேசியை எடுத்து அந்தக் கணினியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு பள்ளிவாசல் நிருவாகங்களையும் கோயில் பரிபாலன சபைகளையும் மீனவர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கின்றோம். சங்கத்தின் பெயரால் இயங்கும் கணக்கு எவருடைய சொந்த இலக்கத்தில் உள்ளது என்ற கேள்வியையும் அன்றே கேட்டுவிட வேண்டும். செயலாளர் மாறியதும் இலக்கமும் அவருடனேயே சென்றுவிட்ட சங்கங்கள் இக்கரையோரத்தில் ஒன்றிரண்டு அல்ல.